மின்கிட்டாரின் விலையும் மதிப்பும்



மின்கிட்டாரின் விலையில் மரத்துக்கும் மின்சுற்றுக்கும் போகும் பங்கு, கடையில் நின்று பார்ப்பவர் நினைப்பதைவிடக் குறைவு. கூலி, வரி, வியாபாரிகளின் லாபம், தலைப்பகுதியில் பொறித்த பெயர் ஆகியவையே விலையை ஏற்றுகின்றன. ஸ்க்வையர் முத்திரையுள்ள ஸ்ட்ராடோகாஸ்டர் 20,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. அதே வடிவில் கலிபோர்னியாவில் செய்த ஃபெண்டர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. இரண்டையும் விற்பது ஒரே நிறுவனம்தான். விலை ஏழெட்டு மடங்கு ஏறினாலும் நாதம் அப்படி ஏறுவதில்லை. ஏறும் விலையில் எவ்வளவு வாசிப்பவரின் கைக்கு வந்து சேர்கிறது என்பதே ஒப்பிட வேண்டிய விஷயம்.

வரியிலிருந்து தொடங்கலாம். வெளிநாட்டுக் கிட்டார் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் கணக்கு ஒன்றுதான். முதலில் அடிப்படைச் சுங்க வரி, அந்த வரித்தொகையின் மேல் 10 விழுக்காடு சமூக நலக் கூடுதல் வரி, எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. சுங்க வரியை 10 விழுக்காடு என்று கொண்டால், 20,000 ரூபாய்க்குக் கரையிறங்கும் கிட்டார் 22,200 ஆகி, ஜிஎஸ்டியோடு 26,196 ரூபாய் ஆகிறது. இறக்குமதியாளர், கடைக்காரர் இருவரின் லாபமும் அதற்குமேல் சேரும். அமெரிக்காவில் போட்ட விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்து, இங்குள்ள கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று முடிவு கட்டுவது நியாயமல்ல.

அடுத்தது கூலி. அது குறைந்த இடங்களைத் தேடித் தயாரிப்பு நாடு விட்டு நாடு நகர்ந்தது. 1954-இல் ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் செய்யப்பட்டு 249.50 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 1970களில் ஜப்பானியப் பட்டறைகள் அமெரிக்க வடிவங்களை அசலுக்கு நெருக்கமாகச் செய்யத் தொடங்கின. 1977-இல் கிப்சனின் அப்போதைய தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்றுவந்த எல்ஜர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. வழக்கு கிட்டாரின் தலைவடிவம் பற்றியது, நாதம் பற்றியதல்ல. ஃபெண்டர் வேறு வழியில் போனது. 1982-இல் ஸ்க்வையர் என்ற பெயரில் ஜப்பானிலேயே மலிவுக் கிட்டார்களைச் செய்வித்தது. 1987-இல் மெக்சிகோவின் என்செனாடாவில் தொழிற்சாலை திறந்தது. கிப்சன் 1957-இலேயே விலைக்கு வாங்கியிருந்த எபிஃபோனுக்கு 2004-இல் சீனாவின் சிங்தாவோவில் தனித் தொழிற்சாலை அமைந்தது.

இந்தோனேசியாவின் சுரபாயாவில் கதை இன்னும் சுவையாகிறது. 1973-இல் கொரியாவில் தொடங்கிய கோர்டெக் நிறுவனம் சுரபாயாவில் கிட்டார்களைச் செய்து கோர்ட் என்ற சொந்தப் பெயரில் விற்கிறது. போட்டியாளர்களுக்கும் ஒப்பந்த முறையில் செய்து கொடுக்கிறது. பிஆர்எஸ் நிறுவனத்தின் எஸ்இ வரிசைக் கிட்டார்கள் பலவும் அங்கிருந்து வருபவைதான். கடையில் எதிரெதிர்ச் சுவரில் தொங்கும் இரண்டு முத்திரைகள் ஒரே கூரையின் கீழ்ப் பிறந்தவையாக இருக்கலாம். அதற்காக இரண்டும் ஒன்று என்றாகிவிடாது. எந்த மரம், கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் எந்த பிக்கப், எத்தனை முறை தரச்சோதனை என்பதை ஒப்பந்தம் கொடுப்பவரே முடிவு செய்கிறார். இந்த மலிவுக்குக் கொடுத்த விலையும் உண்டு. கோர்டெக் தன் கொரியத் தொழிற்சாலைகளை 2007-இல் மூடியபோது வேலையிழந்த தொழிலாளர்களின் போராட்டம் 2019 வரை நீண்டது. விலைச்சீட்டைப் படிக்கும் இளைஞர் இதையும் அறிந்திருப்பது நல்லது.

கணினி வழி இயங்கும் வெட்டு இயந்திரங்கள் பரவிய பிறகு, உடலையும் நெக்கையும் துல்லியமாக வெட்டுவது மலிவாகிவிட்டது. இன்னும் மலிவாகாதது கைவேலை: விரல்பலகையில் பதித்த ஃப்ரெட் கம்பிகளைச் சமமாகத் தேய்ப்பது, அவற்றின் முனைகளை உருட்டுவது, தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்களைக் கம்பியின் பருமனுக்கேற்ப அறுப்பது. மலிவுக் கிட்டாரின் குறைகள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். நல்ல செட்டப் தொழிலாளி இவற்றில் பலவற்றைச் சில ஆயிரம் ரூபாய்க்குச் சரிசெய்துவிடுவார். முறுக்கிக்கொண்ட நெக்கை யாராலும் எளிதில் சரிசெய்ய முடியாது. ஆகவே பின்னால் மாற்ற முடியாதவற்றை வைத்தே கிட்டாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெக்கின் நேர்த்தி, கம்பியின் இயங்குநீளம், உடலின் எடை, கையில் அமரும் வடிவம் ஆகியவை அந்த வகை. பிக்கப், ட்யூனர், நட், சுவிட்சு எல்லாம் மாற்றக்கூடியவை.

வடிவமைப்பும் விலையைத் தீர்மானிக்கிறது. லியோ ஃபெண்டர் தொழிற்சாலைக்கு எளிதான கிட்டாரை வடிவமைத்தார். உடல் தட்டையான பலகை, நெக் நான்கு திருகாணிகளில் நிற்கும். 1952-இல் வந்த கிப்சன் லெஸ் பால் வளைத்துச் செதுக்கிய மேப்பிள் மேற்பரப்பும், உடலோடு ஒட்டிய நெக்கும், பின்னோக்கிச் சாய்ந்த தலையும் கொண்டது. அதைச் செய்ய ஆள்நேரம் அதிகம். மிகக் குறைந்த விலையில் லெஸ் பால் வடிவம் வாங்கினால் அந்த ஆள்நேரம் எங்கோ வெட்டப்பட்டிருக்கும். கிட்டார் கீழே விழுந்தால் சாய்ந்த தலை கழுத்தில் முறிவதும் அந்த வடிவத்தின் தீராத குறை. முதல் கிட்டாருக்குத் திருகாணி நெக்தான் பணத்துக்குப் பொருத்தமானது. 1990-இல் தொடங்கிய யமஹா பசிஃபிகா இந்த வகையில் பல்லாண்டுகளாக நம்பகமாக இருந்துவருகிறது. ஸ்க்வையர் அஃபினிட்டி, ஐபனெஸ் ஜியோ ஆகியவற்றோடு அதை வைத்துப் பார்ப்பது சரியான ஒப்பீடு.

மரத்தைப் பற்றிப் பேச்சு அதிகம், பலன் குறைவு. விரல்பலகைக்கு உலகெங்கும் விரும்பப்படும் இந்திய ரோஸ்வுட், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டிமரம். 2017 ஜனவரியில் அந்த மரப்பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, தயாரிப்பாளர்கள் மாற்று மரங்களுக்குப் போனார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்த பிறகும் மாற்று மரங்கள் தங்கிவிட்டன. ஸ்க்வையர் விவரக்குறிப்பில் காணும் இந்தியன் லாரல் நம் கருமருது. அது இருப்பதால் கிட்டார் தாழ்ந்ததாகிவிடாது.

பிக்கப் விஷயத்தில் கேட்கும் இசையே வழிகாட்டி. ஒற்றைச் சுருள் பிக்கப் தெளிவாகப் பேசும்; வீட்டு மின்கம்பியின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். 1955-இல் கிப்சனில் சேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை அடக்கியது. கொச்சியின் 13 ஏடி குழு போல ஹார்ட் ராக் வாசிக்க விரும்புபவருக்கு ஹம்பக்கர் வேண்டும். கர்நாடக கமகங்களை மின்கிட்டாரில் கொண்டுவந்த சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோரின் வழியையோ, கொச்சியின் மதர்ஜேன் குழுவில் பைஜு தர்மஜன் வாசித்த பாணியையோ பழக விரும்புபவர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபெண்டரின் இயங்குநீளம் 25.5 அங்குலம், கிப்சனுடையது 24.75 அங்குலம். நீளம் குறைந்தால் அதே சுருதியில் கம்பியின் இழுவிசையும் குறையும். கம்பியை வளைத்து இழுப்பது சுலபமாகும். மெல்லிய கம்பியும் வழவழப்பாக மெருகிட்ட ஃப்ரெட்டும் சேர்ந்தால், விலையுயர்ந்த முத்திரை தராத வசதியை மலிவுக் கிட்டார் தந்துவிடும்.

கடையில் சோதிக்கப் பத்து நிமிடம் போதும். நெக்கின் இரு ஓரங்களிலும் கட்டைவிரலை மேலிருந்து கீழாக ஓட்டினால், ஃப்ரெட் முனைகள் உருட்டப்பட்டவையா, அரம்போல் கீறுபவையா என்பது உடனே தெரியும். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் நெக் உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், ஏழாம் எட்டாம் ஃப்ரெட்டின் மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் நெக்கினுள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகிச் சரிசெய்யலாம். தடித்த கம்பியின் பக்கம் ஒரு அளவும் மெல்லிய கம்பியின் பக்கம் வேறு அளவுமாக இருந்தால் நெக் முறுக்கியிருக்கிறது. என்ன தள்ளுபடி கொடுத்தாலும் அந்தக் கிட்டார் வேண்டாம். மெல்லிய கம்பியைப் பதினைந்தாம் ஃப்ரெட்டில் ஒரு முழு ஸ்வரம் ஏறும்வரை இழுத்துப் பார்த்தால் ஒலி நடுவில் அடைபடக் கூடாது. பிறகு சுருதியைச் சரிபார்த்தால் ட்யூனரின் தரமும் தெரிந்துவிடும். ஒரே மாடலில் கடையில் மூன்று இருந்தால் மூன்றையும் இப்படிப் பார்க்க வேண்டும். இந்த விலையில் முத்திரைக்கு முத்திரை உள்ள வேறுபாட்டைவிட ஒரே மாடலின் இரு பிரதிகளுக்கிடையே உள்ள வேறுபாடு பெரிதாக இருப்பதுண்டு.

கொச்சியின் வல்லார்பாடம் போலக் காயல் சூழ்ந்த தீவில் ஈரமும் உப்புக்காற்றும் கணக்கில் சேரும். கம்பி சீக்கிரம் துருவேறும், வால்யூம் குமிழ் கரகரக்கும், மழைக்காலத்தில் நெக் சற்றே அசையும். பூச்சுள்ள கம்பி, வாசித்த பின் துடைக்கும் துணி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் ஆகியவற்றின் செலவு கிட்டாரின் விலையோடு சேர்ந்ததே. கையிலுள்ள பணம் முழுவதையும் கிட்டாரிலேயே கொட்டிவிட்டால் ஆம்ப்புக்கு மிஞ்சாது. 30,000 ரூபாய் இருந்தால் 20,000-க்குக் கிட்டார், மீதியில் சிறிய பயிற்சி ஆம்ப், செட்டப், கேபிள் என்று பிரிப்பதே நல்ல நாதத்துக்கு வழி.

பெயருக்குக் கொடுத்த பணம் ஓரளவு திரும்பி வரும் இடம் ஒன்று உண்டு. ஃபெண்டர், கிப்சன் முத்திரைகளைப் பழையதாக விற்கும்போது வாங்க ஆள் கிடைப்பார். அதிகம் அறியப்படாத முத்திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் விலை சரிந்துவிடும். அதே காரணத்தால் பழையது வாங்குபவருக்கு அந்த அறியப்படாத முத்திரைதான் லாபம். ஃப்ரெட்டில் கம்பி அரித்த பள்ளம் ஆழமாக இல்லை என்று பார்த்துக்கொண்டால் போதும். ஃப்ரெட் முழுவதையும் மாற்றும் செலவு மலிவுக் கிட்டாரின் விலையில் பாதியைக்கூட விழுங்கிவிடும்.