வாக்கு நாளும் வெற்றுரையும்

முன்னுரை

தமிழில் 'வாக்கு' என்னும் சொல் பொருள்வளம் மிக்கது. வாயினின்று பிறக்கும் சொல் வாக்கு. தவறாது காக்க வேண்டிய உறுதிமொழியும் வாக்கு. மக்களாட்சியில் குடிமக்கள் தம் விருப்பத்தைப் பதிவு செய்யும் உரிமையும் வாக்கே ஆகும். ஆங்கிலத்தின் வழிவந்த 'ஓட்டு' என்னும் வழக்கில் இவ்வுறவு புலப்படுவதில்லை. சொல், உறுதி, உரிமை ஆகிய மூன்றையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி நம்முடையது. ஆயினும், அம்மூன்றும் ஒன்றாகக் கூடி நிற்க வேண்டிய வாக்குப்பதிவு நாளிலேதான், வெற்றுச் சொல் பெருகி உரிமையை மறைக்கக் காண்கிறோம்.

வாக்குச்சாவடியின் முன் வரிசையில் நிற்க வேண்டிய பொழுது, இக்காலத்தில் பெரும்பாலும் கைப்பேசித் திரையின் முன் கழிகிறது. வாட்ஸ்அப், முகநூல், யூடியூப் ஆகியவற்றில் அந்நாளில் பெருகும் உரையாடல், வாக்களிக்கும் கடமைக்குத் துணை செய்கிறதா, இடையூறு செய்கிறதா என்னும் வினாவை 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அமைதிக்கென ஒதுக்கிய பொழுது

2024ஆம் ஆண்டுத் தேர்தல் ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை 7 கட்டங்களாக நடைபெற்றது. தமிழகத்தின் 39 தொகுதிகளும் முதற்கட்டத்திலேயே வாக்களித்தன. நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரமே கழிந்திருந்த வெள்ளிக்கிழமை அது. காலை 7 மணிக்கு வாக்குப்பதிவு தொடங்கி மாலை 6 மணிக்கு நிறைவுற்றது. அதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பாக, ஏப்ரல் 17 மாலை 6 மணிக்கே, பரப்புரை ஓய்ந்துவிட்டது.

இவ்வோய்வு சட்டத்தின் கட்டளையாகும். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்திய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டம், ஊர்வலம் ஆகியவற்றையும், திரைப்படம், தொலைக்காட்சி போன்றவற்றின் வழியாகத் தேர்தல் செய்திகளைக் காட்டுவதையும் தடை செய்கிறது. மீறுவோர்க்கு 2 ஆண்டு வரை சிறைத்தண்டனையோ தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். பல வாரங்கள் ஒலிபெருக்கியின் இரைச்சலைக் கேட்ட குடிமகன், இறுதியில் தன் உள்ளத்தின் குரலைக் கேட்கட்டும் என்பதே இத்தடையின் நோக்கம் எனலாம்.

ஆனால் தெருமுனை ஒலிபெருக்கி அடங்கிய அதே வேளையில் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி அடங்குவதில்லை. சமூக ஊடக நிறுவனங்கள் 2019 மார்ச் மாதத்தில் தாமாக முன்வந்து ஒரு நெறிமுறையை ஏற்றன. 126ஆம் பிரிவை மீறும் பதிவுகளைப் பற்றித் தேர்தல் ஆணையம் அறிவித்தால், 3 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுப்பதாக அவை ஒப்புக்கொண்டன. வாக்குப்பதிவு நாளில் 3 மணி நேரம் என்பது சிறுபொழுதன்று. காலை 10 மணிக்குப் புறப்பட்ட பொய், பகல் 1 மணிக்குள் எத்தனையோ இல்லங்களின் வாயிலைக் கடந்திருக்கும். எனவே இங்கே சட்டத்தின் கை எட்டாத இடத்தைத் தனிமனித ஒழுக்கமே நிரப்ப வேண்டியுள்ளது.

அவ்வொழுக்கம் நமக்குப் புதியதன்று. ஜுமுஆ நாளில் இமாம் குத்பா நிகழ்த்தும்போது, அருகில் இருப்பவரை நோக்கி 'பேசாதிரு' என்று சொல்வதும் வீண் செயலே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியுள்ளார்கள். சிறு கற்களைத் தொட்டு விளையாடுவதையும் அவர்கள் வீண் என்றே கூறினார்கள். அன்றைய கூழாங்கல்லின் இடத்தில் இன்று கைப்பேசி இருக்கிறது. வாரந்தோறும் சிறிது நேரம் வாய் மூடிக் கை ஓய்ந்திருக்கப் பழகிய சமுதாயத்துக்கு, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை வரும் அமைதிப் பொழுதின் அருமை எளிதில் விளங்க வேண்டும். 2024இல் அவ்விரு அமைதிகளும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து சேர்ந்தன.

விரலின் மையும் திரையின் படமும்

அன்றைய உரையாடல் முழுவதையும் தீது என ஒதுக்குதல் முறையாகாது. மை பூசிய விரலின் படத்தைக் காலை 8 மணிக்கே ஒருவர் அனுப்பினால், சோம்பியிருக்கும் நண்பர் எழுந்து செல்லக்கூடும். 1962ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் மைசூரில் உருவாகி வரும் அந்த மை, வெள்ளி நைட்ரேட்டு கலந்தது. ஒருவர் இருமுறை வாக்களிப்பதைத் தடுக்கப் பிறந்த அடையாளம், இன்று பலரை ஒருமுறையேனும் வாக்களிக்கத் தூண்டும் அழைப்பாகவும் ஆகியிருக்கிறது. இது வரவேற்கத்தக்கதே.

ஆயினும் அதன் எல்லையை அறிதல் வேண்டும். வாக்குச்சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் வாக்காளர் கைப்பேசி பயன்படுத்தலாகாது என்பது அத்தேர்தலில் இருந்த விதி. வாக்கின் மறைபொருள் தன்மையைக் காப்பதே இதன் உட்கருத்து. தாம் அளித்த வாக்கினைப் படமெடுத்துக் காட்டும் வழக்கம் பரவினால், பணம் கொடுத்தவன் சான்று கேட்பான். அதிகாரம் உள்ளவன் கணக்குக் கேட்பான். ஏழையின் வாக்கைக் காக்கும் அரண் அந்த மறைப்பே ஆகும். ஆதலின் மையைக் காட்டலாம், வாக்கைக் காட்டலாகாது.

நடிகர்கள் வாக்களிக்க வந்த காட்சி, அவர்கள் உடுத்திய உடை, நகைச்சுவைத் துணுக்கு, சாதிக் கணக்கு, வெற்றி தோல்வி பற்றிய ஆருடம் எனத் தொடரும் ஏனையவற்றுக்கு இவ்விளக்கமும் தேவையில்லை. அவை எவரையும் ஏமாற்றுவதில்லை. பொழுதை மட்டுமே தின்கின்றன. ஏமாற்றும் செய்திகள் அவற்றோடு கலந்து வருவதுதான் இடர். நகைச்சுவையை அனுப்பிய அதே விரல், அதே வேகத்தில், ஆராயாமல் அடுத்ததையும் அனுப்பிவிடுகிறது.

ஒரு பொய்ச் செய்தியும் நம் தவறும்

2019ஆம் ஆண்டுத் தேர்தலில் பரவி, 2024இலும் மீண்டும் உலவிய ஒரு செய்தியை இங்கு எடுத்துக்காட்டுவோம். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும், ஆதார் அட்டையைக் காட்டி 49ஏ பிரிவின்கீழ் 'சேலஞ்ச் ஓட்டு' கேட்டு வாக்களிக்கலாம். நம் வாக்கை வேறொருவர் போட்டிருந்தால் 'டெண்டர் ஓட்டு' கேட்கலாம். அவ்வகை வாக்குகள் 14 விழுக்காட்டைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்பது அதன் சாரம்.

இதில் உண்மையும் பொய்யும் பின்னிக் கிடக்கின்றன. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49ஏ என்பது வாக்குப்பதிவு எந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றியது. வாக்காளர் உரிமை பற்றியதன்று. ஒருவரது அடையாளத்தை மறுத்து முறையிடும் ஏற்பாடு உண்டு. ஆனால் அது 49ஜே விதியின்படி, 2 ரூபாய் கட்டிக் கட்சி முகவர் எழுப்பும் மறுப்பாகும். தம் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்திருந்தால் 49பி விதியின்படி தாளில் வாக்களிக்கலாம் என்பது மெய். அத்தாள் தனியே உறையிலிடப்படும்; வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. 14 விழுக்காடு என்னும் விதி எங்கும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியலில் பெயர் இல்லாதவர் எந்த அட்டையைக் காட்டினாலும் வாக்களிக்க இயலாது.

இச்செய்தியை 2024 மார்ச் மாதத்தின் முற்பகுதியில் நாமும் பிறருக்கு அனுப்பினோம் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம். நன்மை செய்வதாகவே எண்ணி அனுப்பினோம். வாக்குப்பதிவு நாளன்று ஜுமுஆ முடிந்து வெளியே வருகையில், நம் தெருவைச் சார்ந்த முதியவர் ஒருவர் மை படாத விரலுடன் எதிரே வந்தார். ஆதார் அட்டை கையில் இருந்தது. வீடு மாறியதில் அவர் பெயர் பட்டியலினின்று நீங்கியிருந்தது. "பட்டியலை முன்னமே பார்த்திருக்கலாமே, மாமா" என்றோம். "பேரன் பார்க்கச் சொன்னான், தம்பி. நீங்கள் அனுப்பியதைப் படித்த பிறகு, அன்றைக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்" என்றார். அவர் சொல்லில் சினம் இல்லை. அதனாலேயே அது நம்மைப் பெரிதும் சுட்டது.

அச்செய்தி அவரை வாக்களிக்க வேண்டாம் என்று தடுக்கவில்லை. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்னும் நம்பிக்கையை மட்டுமே தந்தது. செயலுக்குரிய காலத்தை அந்நம்பிக்கை கொன்றுவிட்டது. வேட்புமனு அளிக்கும் கடைசி நாளுக்குப் பின், தேர்தல் முடியும் வரை பட்டியலில் எவர் பெயரையும் சேர்க்கவோ நீக்கவோ சட்டம் இடந்தருவதில்லை. அத்தேர்தலில் தமிழகத்துக்கு அந்நாள் மார்ச் 27. விண்ணப்பங்கள் அதற்கும் முன்பே சென்று சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே ஏப்ரல் 19 அன்று அவருக்கு உதவ எவராலும் இயலவில்லை.

விழுக்காட்டு விளையாட்டு

அன்று மாலை வேறொரு உரையாடல் தொடங்கியது. இரவு 7 மணியளவில் தமிழகத்தில் 72.09 விழுக்காடு வாக்குகள் பதிவாயின என அறிவிக்கப்பட்டது. நள்ளிரவுக்குப் பின் அது 69.46 எனத் திருத்தப்பட்டது. இறுதியில் 69.72 என உறுதியாயிற்று. முதலில் வந்த எண், சில சாவடிகளினின்று கிடைத்த விவரத்தைக் கொண்டு மதிப்பிட்டதாகும். இடையில் கைப்பேசிகளில் எழுந்த ஊகங்களுக்கோ அளவில்லை.

இதில் அதிகாரத்தில் இருப்போர்க்கும் பங்குண்டு. முதற்கட்டத்துக்கான விழுக்காட்டை ஆணையம் ஏப்ரல் 30 அன்றுதான் முழுமையாக வெளியிட்டது. உண்மை தாமதிக்கும் இடத்தில் வதந்தி முந்திக்கொள்ளும். எனினும் எண்களை ஒப்பிட்டு நோக்கச் சட்டமே ஒரு வழியை வைத்திருக்கிறது. ஒவ்வொரு சாவடியிலும் பதிவான வாக்குகளின் கணக்கு 17சி என்னும் படிவத்தில் எழுதப்பட்டு, அதன் படி முகவர்களுக்கு வழங்கப்படுகிறது. ஐயமுடையோர் கேட்க வேண்டியது அத்தாளை. திரையில் ஒருவரோடு ஒருவர் பொருதுவதால் ஐயம் வளருமேயன்றித் தீராது.

இரு மரபுகளின் அறிவுரை

திருவள்ளுவர் அறத்துப்பாலில் 'புறங்கூறாமை', 'பயனில சொல்லாமை' என்னும் அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். பிறரைக் கெடுக்கும் சொல்லையும் எவர்க்கும் பயன்படாத சொல்லையும் அவர் அருகருகே வைத்தமை எண்ணத்தக்கது. இரண்டாவதில் பழகிய நா முதலாவதற்கு எளிதில் வழுக்கும் என்பதை வாக்குப்பதிவு நாள் மெய்ப்பிக்கிறது.

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம், நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு பணிக்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடலாம் என்னும் காரணத்தையும் அது உடன் கூறுகிறது. நம் தெருவின் முதியவர் முன் நின்றபோது அவ்வருத்தத்தின் பொருளை நாம் உணர்ந்தோம். 23ஆம் அத்தியாயத்தின் தொடக்கமோ, வீணானவற்றினின்று விலகியிருத்தலை இறைநம்பிக்கையாளரின் இயல்புகளுள் ஒன்றாக எண்ணுகிறது. செய்தியை எழுதியவர் மட்டுமல்லர். அதனைக் கடத்துபவரும் அதற்குச் சான்று கூறுபவராகிறார்.

செய்யத்தக்கன

உரிமையின் வேர் பட்டியலில் உள்ள பெயரே. 1951-52இல் நடந்த முதற் பொதுத்தேர்தலின்போது வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைக் கூறாது, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்தனர். பெயரின்றிப் பட்டியலில் இடமில்லை எனத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அவ்விழப்பு பாடமாகி, அடுத்த தேர்தல்களில் பெண்கள் தம் பெயரோடு வந்தனர். பெயரைக் காக்கும் அப்பணி இன்னும் முடியவில்லை. 2025 நவம்பரில் தமிழகத்தில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம், முன்பு பெயர் இருந்தோரும் தம் இடத்தை மீண்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதை உணர்த்தியது.

மாணவர்கள் இதில் முன்னிற்க வேண்டும். 61ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் பயனாக 1989 முதல் 18 வயதினரும் வாக்காளராயினர். புதிதாகப் பெயர் சேர்க்க 6ஆம் படிவம் உள்ளது. இளைஞர் தம் பெயரோடு, வீட்டிலுள்ள பாட்டனார், பாட்டியார், அண்டை வீட்டார் ஆகியோரின் பெயர்களையும் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே சரிபார்த்துத் தருதல் பெருந்தொண்டு. ஜமாஅத் பெரியோர்கள் தொழுகைக்குப் பின் இதற்கென ஓர் அறிவிப்புச் செய்யலாம். ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். வாக்குப்பதிவு நாளில் வரும் எந்த 'விதியையும்' ஆணையத்தின் அறிவிப்போடு ஒப்பிடாமல் பிறர்க்கு அனுப்பாதிருப்போம். தவறி அனுப்பிவிட்டால், அனுப்பிய இடத்திலேயே 'அது பிழை' எனத் திருத்தி எழுதுவோம். அன்று முதியவரிடம் மன்னிப்புக் கேட்ட பின், நாம் முதலில் செய்த வேலை அதுவே.

முடிவுரை

வாக்குப்பதிவு நாளில் நம்மிடம் கேட்கப்படுவது ஒரே ஒரு சொல். அதுவும் வாயால் சொல்ல வேண்டியதன்று. மறைவில், ஒரு பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டியது. அச்சொல் ஓர் அமானிதம். அதனை ஒப்படைக்கும் முன் ஆயிரம் வெற்றுரைகளில் பொழுதை இழப்பதும், பிறர் அதனை ஒப்படைக்கவொட்டாமல் நம் வெற்றுரையால் தடுப்பதும் அமானிதத்துக்குச் செய்யும் குறையாகும். அடுத்த தேர்தல் வருமுன் பட்டியலைத் திறந்து பார்ப்போம். அந்நாள் வரும்போது கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு, முதியோரின் கைபிடித்து அழைத்துச் செல்வோம். இறைவன் நம் சொல்லையும் செயலையும் செம்மையாக்குவானாக.