கொழுப்பு எங்கே தங்குகிறது? கணவன், மனைவி இருவருக்கும்



கணவர் ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறார். கை, கால் ஒல்லி. வயிறு மட்டும் கொஞ்சம் முன்னே தள்ளியிருக்கிறது. மனைவிக்குத் தொப்பை இல்லை. இடுப்புக்குக் கீழேயும் தொடையிலும்தான் சதை. "நீ குண்டாயிட்டே, சோத்தைக் குறை" என்று சொல்பவர் யார்? அந்தக் கணவரேதான்! ஆனால் இருவரில் அதிகம் கவனிக்க வேண்டியது அவர் உடம்பைத்தான்.

கொழுப்பு உடம்பெங்கும் ஒரே மாதிரி சேர்வதில்லை. தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் சேர்வது ஒரு வகை. கிள்ளினால் விரலுக்குள் பிடிபடும். பெண் வயதுக்கு வந்ததும் உடம்பே இதை அங்கே சேர்க்கத் தொடங்குகிறது. கர்ப்பத்துக்கும் தாய்ப்பாலுக்கும் உதவுகிற சேமிப்பு இது. அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைத்த விதை ராகி மாதிரி. இதனால் பெரிய கெடுதல் இல்லை.

வயிற்றுக்கு உள்ளே, குடலைச் சுற்றிச் சேர்வது வேறு வகை. இது கையில் அகப்படாது. இதிலிருந்து வெளிவரும் கொழுப்பு ரத்தத்தோடு நேரே ஈரலுக்குப் போகிறது. ஈரலில் கொழுப்புப் படிகிறது, இன்சுலின் வேலை மந்தப்படுகிறது. பிறகு சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரலாம். ஆண்களுக்கு இந்த வகை அதிகம். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் கொழுப்பு வயிற்றுப் பக்கம் திரும்பும். ஆகவே அத்தை, பாட்டிமாரும் அளந்து பார்க்க வேண்டும்.

"நான் ஒல்லிதானே சார்?" என்பீர்கள். புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு ஒன்றேதான். ஆனால் உடம்பில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! 2004-ல் இருவரும் சேர்ந்தே இதை வெளியிட்டார்கள். தராசு சொல்லாததை டேப் சொல்லும்.

தையற்கார டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், இறுக்காமல் சுற்றுங்கள். வயிற்றை எக்கிக்கொள்ளக் கூடாது! ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். அதற்குள் இருக்க வேண்டும். பேண்ட் அளவை நம்பாதீர்கள். தொப்பைக்குக் கீழே மாட்டுகிற பேண்ட் உண்மை பேசாது. கர்ப்பிணிகளும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களும் இப்போது அளக்க வேண்டாம்.

வயிற்றை மட்டும் கரைக்கும் பெல்ட்டும் எண்ணெயும் காசுக்குக் கேடு. தினமும் அரை மணி வேக நடை நடந்தால் இந்த உள்கொழுப்புத்தான் நன்றாகக் குறையும். களி நல்லதுதான், ஆனால் மூன்று உருண்டை வேண்டாம், ஓர் உருண்டையும் நிறையக் கீரைக் குழம்பும் போதும். இரவு ஷிப்டில் டீயோடு போண்டா, பிறகு வீட்டில் மறுபடி முழுச் சாப்பாடு என்பதை விடுங்கள். குடியையும்தான்.

2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார். அந்த நேரம் பெரும்பாலும் கணவர் கம்பெனியில் இருப்பார். அம்மா, அவருடைய வார விடுமுறை எந்தக் கிழமை என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.