அணங்குறை குகை: ‘குணா’, ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ திரைப்படங்களில் தொன்மமும் இடப்பெயரும்

முன்னுரை

நாட்டார் நம்பிக்கைகளையும் தொன்மங்களையும் திரைப்படம் எடுத்தாளும்போது, அவற்றுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு மாறுகிறது. கொடைக்கானல் தூண் பாறைக்கு அருகிலுள்ள குகை இதற்குத் தக்க சான்றாகும். ‘டெவில்ஸ் கிச்சன்’ (பேயின் சமையலறை) என ஆங்கிலத்தில் வழங்கிய இக்குகை, சந்தானபாரதி இயக்கிய ‘குணா’ (1991) திரைப்படத்திற்குப் பின் ‘குணா குகை’ ஆயிற்று. இப்பெயர் மாற்றம் இடத்தின் பொருளை எவ்வாறு மாற்றியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அச்சத்தின் பயன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கினைச் சுட்டுகிறது. அவற்றுள் முதலாவது அணங்கு. சங்கப் பாடல்கள் மலையிலும் சுனையிலும் அணங்கும் சூரும் உறைவதாகக் கூறுகின்றன. மனிதர் எச்சரிக்கையுடன் அணுகவேண்டிய இடங்களை இந்நம்பிக்கை அடையாளப்படுத்தியது எனலாம். குகையின் பாறைப் பிளவுகள் மிக ஆழமானவை. மூடுபனி அவற்றின் வாயை மறைக்கும். பேயின் பெயர் அயலார் மொழியில் அமைந்ததாயினும், அணங்கைப் போன்றே விலகி நிற்குமாறு உணர்த்தியது.

‘குணா’வில் அபிராமி

அணங்கு என்பது அச்சம் தரும் ஆற்றலை மட்டுமன்றி, வருத்தும் அழகையும் குறிக்கும். ‘குணா’ இவ்விரண்டாம் பொருளைப் பற்றுகிறது. மனநலம் குன்றிய நாயகன், தான் கடத்திவந்த பெண்ணை அபிராமி என்றே நம்புகிறான். முழுநிலவு நாளில் அவளை மணப்பதாக எண்ணுகிறான். அமாவாசையைப் பௌர்ணமி எனக் கூறிய அபிராமி பட்டருக்காக அம்மை நிலவைத் தோற்றுவித்ததாகக் கூறும் திருக்கடையூர்த் தொன்மம் இங்கு நினைவுக்கு வருகிறது. அத்தொன்மத்தில் அடியவரின் பிறழ்வை அருள் மெய்யாக்குகிறது. திரைப்படத்திலோ அது நிகழவில்லை. பெண் இறக்கிறாள், நாயகன் அவள் உடலுடன் பள்ளத்தில் பாய்கிறான். எனினும், மக்கள் நினைவில் எஞ்சியது பள்ளமன்று, குகைக்குள் ஒலித்த காதற்பாடலே. பேய் உறைந்த இடம் காதலர் காணவரும் இடமாயிற்று.

மீண்டும் பேய்

2006ஆம் ஆண்டு கேரளத்தின் மஞ்சும்மலிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் இக்குகைப் பிளவில் விழுந்தார். நண்பர் ஒருவர் இறங்கி அவரை மீட்டார். இந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்ட மலையாளப் படமான, சிதம்பரம் இயக்கிய ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ (2024) பழைய பெயரின் அச்சத்தை மீட்டெடுக்கிறது. விழுந்தோர் மீள்வதில்லை என்னும் உள்ளூர் நம்பிக்கை அதில் ஓங்கி ஒலிக்கிறது. ‘குணா’வின் பாடலோ இப்படத்தில் காதலிலிருந்து நட்புக்கு இடம்பெயர்கிறது. இங்குத் தெய்வம் இறங்கி வரவில்லை. கயிற்றுடன் நண்பனே இறங்குகிறான். தொன்மத்தில் அருளுக்குரிய இடத்தை இப்படம் மனித உறவுக்கு அளிக்கிறது.

முடிவுரை

இன்று பிளவுகள் தடுப்புகளால் அடைக்கப்பட்டுள்ளன. பெயர் ஆற்றிய காவற்பணியைக் கம்பிகள் ஏற்றுள்ளன. ‘டெவில்ஸ் கிச்சன்’, ‘குணா குகை’ ஆகிய இரு பெயர்களும் மலைக்கு வெளியிலிருந்து வந்தவை என்பதும் கருதத்தக்கது. திரைப்படம் ஓர் இடப்பெயரை ஒரு தலைமுறைக்குள் மாற்ற வல்லது. ஆகவே பளியர் முதலிய பழனி மலை மக்களிடம் வழங்கும் இடப்பெயர்களையும் அணங்குசார் கதைகளையும் களஆய்வின்வழி தொகுப்பது உடனடித் தேவையாகும்.