ஒரு மாட்டுக்கு ஊசி, ஆறு கிணத்துத் தண்ணி

இந்த மாசம் ஒரு சின்னக் கணக்கு. களம், நம்ம தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலை. மருந்து ஆலை எதுவும் இல்லாத ஊர். அப்புறம் ஆன்டிபயாடிக் மாசு அங்கே எப்படி வரும்? மாட்டுக் கொட்டகை வழியா வரலாம்.

கணக்கு

300 கிலோ எடையுள்ள ஒரு மாட்டுக்குக் காய்ச்சல். ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி, கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3 கிராம். இந்த மருந்தில் பெரும்பகுதி உடம்பில் சிதையாமல் சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியேறிவிடும். பாதி என்றே எடுத்தாலும் 1.5 கிராம்.

தண்ணீரில் இந்த மருந்து லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் போனால், மருந்தைத் தாங்கும் பாக்டீரியா மட்டும் பெருக வாய்ப்பு உண்டு என்று 2016-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அப்படியானால் 1.5 கிராமை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 30 லட்சம் லிட்டர் வேணும். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலக் கிணத்துல அஞ்சு மீட்டர் தண்ணி நின்னா, அது 5 லட்சம் லிட்டர். ஆக, ஆறு கிணறு!

ஆனா நிஜத்துல அவ்வளவும் தண்ணிக்குப் போகாது. டெட்ராசைக்ளின் மண்ணோடு இறுக்கமா ஒட்டிக்கும். ஆனால் மலைச்சரிவில் கனமழை பெய்தால் மண்ணே ஓடைக்கு வந்துவிடும். சித்தேரி மலை ஓடைகள் வள்ளிமதுரை வரட்டாறு அணைப் பக்கம் இறங்குகின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

அதனால் என்ன?

எதிர்ப்புத் திறன் கொண்ட பாக்டீரியா அந்த மரபணுவைப் பக்கத்துப் பாக்டீரியாவுக்கும் கொடுக்கும். சீனியர் நோட்ஸை ஜூனியர் ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி. நாளைக்கு ஒரு குழந்தைக்குக் கிருமித் தொற்று வந்தால், முதல் மருந்து வேலை செய்யாமல் போகலாம். மலையிலிருந்து அரூர் ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டிய குடும்பத்துக்கு, இழக்கும் ஒவ்வொரு நாளும் பெரிசு.

பெரிய உதாரணங்கள்

ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்ததாக 2007-ல் ஆய்வு வெளியானது. மாத்திரை சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அது பல மடங்கு! கோழித் தீவனத்தில் கலக்கப்பட்ட கொலிஸ்டின், மனிதர்களுக்குக் கடைசிக் கட்ட மருந்து. உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைத் தர மத்திய அரசு 2019-ல் தடை விதித்தது.

நாம என்ன செய்யலாம்?

- கடையில் கேட்டு ஊசி போடாம, கால்நடை மருத்துவர் சொன்ன அளவும் நாளும் முழுசா கொடுக்கணும். மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது.
- மருந்து போட்ட மாட்டின் சாணத்தைத் தனியாகக் குவிக்கணும். குப்பைக்குழி ஓடைக்கும் கிணத்துக்கும் தள்ளி, மேட்டில் இருக்கட்டும்.
- குவியல் நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறும்படி கிளறிவிட்டு, நன்றாக மக்கிய பிறகே வயலில் போடணும். டெட்ராசைக்ளின் இதில் வெகுவாகக் குறையும். சிப்ரோஃபிளாக்சசின் வகை அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால்தான் முதல் விதி முக்கியம்.
- மிச்ச மருந்தையும் பாட்டிலையும் ஓடையில் வீசக் கூடாது.

செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனா, வீட்டுக் குப்பைக்குழிக்கும் கிணத்துக்கும் எத்தனை அடி தூரம்னு ஒரு டேப் வச்சு அளந்து பாருங்க. மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னும் பாருங்க. அதுவும் இன்ஜினியரிங்தான்!