கால்களுக்கு முன்னால் களைப்பது தலை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், வார்ட்பர்க் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஃப்ரோஸன் ஹெட் மாநிலப் பூங்கா. வசந்த காலத்தில் காட்டுப்பூக்களைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் தேடி வரும் இடம். அதே காட்டுக்குள் 1986 முதல் ‘பார்க்லி மாரத்தான்’ நடந்து வருகிறது. ஒரு சுற்றுக்கு 20 மைல் என்று கணக்கு. ஐந்து சுற்றுகளை 60 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஏறும் உயரத்தை மட்டும் கூட்டினால் ஏறத்தாழ 60,000 அடி வரும். கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்டை இரண்டு முறை ஏறுவதற்கு ஈடானது அது.

இந்தப் பந்தயம் பிறந்ததற்கு ஒரு சிறைத் தப்பல் காரணம். மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்ற ஜேம்ஸ் ஏர்ல் ரே, 1977-இல் பக்கத்திலிருந்த பிரஷி மவுண்டன் சிறையிலிருந்து தப்பினான். இரண்டு நாளுக்கு மேல் ஓடி ஒளிந்தும் அவனால் கடக்க முடிந்தது சுமார் எட்டு மைல்தான். இதைக் கேள்விப்பட்ட கேரி கான்ட்ரெல் என்ற ஓட்டக்காரர், அந்த நேரத்தில் தன்னால் 100 மைல் போக முடியும் என்று எண்ணினார். நண்பர் கார்ல் ஹென்னுடன் சேர்ந்து பந்தயத்தை வடிவமைத்தார். இத்தனை ஆண்டுகளில் ஐந்து சுற்றையும் முடித்தவர்கள் 2024 வரை வெறும் இருபது பேர்.

வந்து தோற்றவர்களில் பலர் மிகச் சிறந்த ஓட்டக்காரர்கள். அவர்களுக்குக் கால்வலு குறைவில்லை. பலரை வீழ்த்தியது வழி தவறியதும் தூக்கமின்மையும்தான். அதனால்தான் காட்டுப் பாதையில் முதன்முதலாக நெடுந்தூரம் ஓடப் போகிறவர்களுக்கு இந்தக் கடினமான பந்தயம் நல்ல பாடமாகிறது.

பார்க்லியில் வழிகாட்டும் குறிகள் இல்லை. ஜிபிஎஸ்ஸுக்கும் கைப்பேசிக்கும் அனுமதி இல்லை. முகாமில் வைத்திருக்கும் மூல வரைபடத்தைப் பார்த்து, அவரவர் வரைபடத்தில் கையால் பாதையை வரைந்துகொள்ள வேண்டும். வழியில் ஆங்காங்கே புத்தகங்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். தம் நெஞ்சு எண்ணுக்குரிய பக்கத்தைக் கிழித்து வந்து காட்டினால்தான் சுற்று செல்லும். 2017-இல் கனடாவின் கேரி ராபின்ஸ் ஐந்தாம் சுற்றின் எல்லாப் பக்கங்களையும் எடுத்துவிட்டார். கடைசி மைல்களில் மூடுபனியில் வழி மாறியது. பந்தயத்தின் தொடக்கமும் முடிவுமான மஞ்சள் கேட்டை அவர் தவறான திசையிலிருந்து வந்து தொட்டபோது 60 மணி நேரம் கடந்து ஆறு விநாடி ஆகியிருந்தது. அந்த ஆறு விநாடி மிச்சமிருந்திருந்தாலும் பயனில்லை. சுமார் இரண்டு மைல் பாதை விடுபட்டிருந்தது. அதே ஆண்டு முடித்துக் காட்டிய ஜான் கெல்லி, அந்த வட்டாரத்திலேயே வளர்ந்தவர்.

குறிகள் கட்டிய பந்தயத்திலும் வழி தவறுவது சாதாரணம். சந்திப்புகளில் நின்று பார்க்கும் ஐந்து விநாடி வீணல்ல. முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்து ஓடுவதுதான் ஆபத்து. சந்தேகம் வந்தால் கடைசியாகக் குறி பார்த்த இடத்துக்கே திரும்பிவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்’ என்ற எண்ணம்தான் பலரை வேறு பள்ளத்தாக்கில் இறக்கியிருக்கிறது.

தூக்கம் இதைவிடப் பெரிய எதிரி. பெல்ஜியத்தின் கரேல் சாபே பல் மருத்துவர், நெடுந்தூர ஓட்டத்தில் பேர்பெற்றவர். 2022-இல் நான்காம் சுற்றில் திசை தெரியாமல் அவர் பக்கத்து ஊருக்குள் போய்விட்டார். குப்பைத்தொட்டியை மனிதர் என்று நினைத்து வழி கேட்டதாக அவரே பிறகு சொன்னார். காவல்துறையினர்தான் முகாமுக்கு அழைத்து வந்தார்கள். மறுவருடம் மீண்டும் வந்து, நேரம் முடிய சுமார் ஆறு நிமிடம் இருக்கும்போது கேட்டைத் தொட்டார். இரவு ஓட்டம் இருக்கும் எந்தப் பந்தயத்துக்கும் முன்பாக, ஓரிரு இரவுகளாவது தலைவிளக்குடன் மலைப்பாதையில் ஓடிப் பார்த்துவிட வேண்டும். விளக்கொளியில் வேரும் கல்லும் வேறு மாதிரித் தெரியும். மாற்று பேட்டரி கையிலேயே இருக்கட்டும்.

ஜாஸ்மின் பாரிஸ் தயாரான விதம் எல்லோருக்கும் பொருந்தும். எடின்பரோவில் கால்நடை மருத்துவராகப் பணிபுரியும் அவர், 2019-இல் பிரிட்டனின் 268 மைல் ஸ்பைன் பந்தயத்தில் ஆண்களையும் முந்தி முதலிடம் பெற்றவர். ஓய்வு இடங்களில் கைக்குழந்தைக்காகத் தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்துக்கொண்டே அதை ஓடினார். பார்க்லியில் 2022-இல் மூன்று சுற்று. அடுத்த ஆண்டு நான்காம் சுற்றுக்குள் நுழைந்தார். 2024-இல் 59 மணி 58 நிமிடம் 21 விநாடியில் ஐந்தையும் முடித்த முதல் பெண் ஆனார். ஒவ்வோர் ஆண்டும் காட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துகொண்டு திரும்பினார். எனவே, ஓடப்போகும் பாதையின் ஒரு பகுதியையாவது முன்கூட்டியே நடந்து பார்ப்பது நல்ல முதலீடு.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. தொடைகளைக் களைக்க வைப்பதில் ஏற்றத்தைவிட இறக்கத்துக்குப் பங்கு அதிகம். பயிற்சியிலேயே இறக்கங்களை ஓட வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். வயிற்றையும் அதற்குப் பழக்கியிருக்க வேண்டும். பந்தய நாளில் புதிய உணவு வேண்டாம், புதிய காலணியும் வேண்டாம். கால் நகங்களைச் சில நாள் முன்பே வெட்டி, உரசும் இடங்களில் வாஸலின் தடவுங்கள். தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, குழப்பம், வலிப்பு வரை போகும். அது உயிருக்கே ஆபத்து.

எப்போது நிறுத்துவது என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். நொண்டல் மாறாமல் நீடித்தால், சிறுநீர் கருத்துப் போனால், பேச்சு குழறினால் நிறுத்திவிடுவது என்று எழுதி, உடன் வருபவர் கையில் கொடுங்கள். நாற்பதாவது மணி நேரத்தில் களைத்த தலை இதைத் தானாகச் சரியாக முடிவு செய்யாது. பார்க்லியில் விலகும் ஒவ்வொருவருக்கும் எக்காளம் ஊதி வழியனுப்புகிறார்கள். உலகின் தேர்ந்த ஓட்டக்காரர்கள் பலர் அந்த ஓசையைக் கேட்டுவிட்டு, அடுத்த ஆண்டும் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். 2025-இல் ஐந்து சுற்றையும் முடித்தவர் ஒருவரும் இல்லை.