கடைசல் காளானில் ஓர் அளவியல் பாடம்

பத்தாம் வகுப்பு அளவியலில் இணைந்த உருவங்களைக் கற்பிக்கும்போது அரைக்கோளமும் உருளையும் பெரும்பாலும் கரும்பலகைப் படங்களாகவே நின்றுவிடுகின்றன. கையில் பிடித்துப் பார்க்க ஒரு பொருள் இருந்தால் சூத்திரம் எளிதில் விளங்கும். அதற்காக நான் தேர்ந்தெடுத்தது மரத்தில் கடைந்த காளான் பொம்மை. அதன் தலை அரைக்கோளம், தண்டு உருளை. கோடம்பாக்கத்தில் எங்கள் பள்ளியில் இதைக்கொண்டு நடத்திய பாடத்தை இங்கே பகிர்கிறேன்.

கடைதல்

தயிரைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இரண்டின் அசைவும் ஒன்றுதான். மோட்டார் வருவதற்கு முன், மரத்துண்டில் கயிற்றைச் சுற்றி, மத்துக் கயிற்றைப்போல முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றினார்கள். மரம் உளியை நோக்கிச் சுழலும்போது மட்டுமே வெட்டு விழும்.

திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரத்தின் மரச்சொப்புகள் இவ்வாறு கடைந்து செய்யப்படுபவை. கர்நாடகத்தின் சென்னபட்டணா, ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகா பொம்மைகளும் அப்படியே. அவ்விரு ஊர்களிலும் மரபாகப் பயன்படுவது வெப்பாலை மரம். வண்ண அரக்குக் குச்சியைச் சுழலும் பொம்மைமீது அழுத்தினால், உராய்வு வெப்பத்தில் அரக்கு இளகி மரத்தில் படியும். பின்னர் தாழை ஓலையை அழுத்தி மெருகேற்றுவார்கள். உராய்வு பாடத்திற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வகுப்பறைச் செயல்பாடு

1. காளானின் நெடுக்குவெட்டில் ஒரு பாதியை மட்டும் அட்டையில் வெட்டி, நேரான விளிம்பை மெல்லிய குச்சியில் ஒட்டச் செய்தேன். குச்சியை உள்ளங்கைகளுக்கிடையே வேகமாக உருட்டினால் முழுக்காளான் கண்ணுக்குத் தெரியும். தொடக்க வகுப்புகளிலும் இதைச் செய்யலாம்.

2. அருகிலுள்ள கடைசல் பட்டறைக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன். சதுரக் கட்டை முதலில் உருளையானது. பென்சிலால் குறியிட்ட பின் தலையும் தண்டும் உருவாயின. உப்புத்தாள் தேய்த்து, இறுதியில் காளானைத் தனியே வெட்டி எடுத்தார் கைவினைஞர். மாணவர்கள் தள்ளி நின்று பார்க்க மட்டுமே வேண்டும். துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை, விரிந்த கூந்தல் ஆகியவை எந்திரத்தின் அருகே ஆபத்தானவை. மரத்தூளுக்கு முகக்கவசம் தேவை.

3. பிறகு வகுப்பில் கணக்கிட்டோம். தலையின் ஆரம் 3 செ.மீ., தண்டின் ஆரம் 1 செ.மீ., தண்டின் உயரம் 4 செ.மீ. எனக் கொண்டோம்.

தலை: 18π. தண்டு: 4π. காளானின் கன அளவு 22π, அதாவது ஏறத்தாழ 69 க.செ.மீ.
கடையத் தேவையான உருளை: ஆரம் 3 செ.மீ., உயரம் 7 செ.மீ. அதன் கன அளவு 63π, அதாவது 198 க.செ.மீ.

மீதி மரம் எங்கே?

“பொம்மையைவிடத் தூள்தானே அதிகம், சார்?” என்று ஒரு மாணவி கேட்டார். உண்மைதான். மரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீவலாகப் போகிறது. மரக்கடையில் கன அடிக்கு விலை கொடுத்து வாங்குபவருக்கு இது வாழ்க்கைக் கணக்கு. பிளாஸ்டிக் பொம்மையோடு போட்டியிடும் கைவினைஞர் ஒவ்வொரு துண்டு மரத்தையும் எண்ணித்தான் செலவிட வேண்டும்.

எனவே, “அதே காளானைக் குறைந்த மரத்தில் செய்ய முடியுமா?” என்று குழுக்களுக்குச் சவால் விட்டேன். தலையையும் தண்டையும் தனித்தனியே கடைந்து பொருத்தலாம் என்று ஒரு குழு கூறியது. தலைக்கு 27π, தலைக்குள் செருக 1 செ.மீ. கூட்டி, தண்டுக்கு 5π. மொத்தம் 32π, ஏறத்தாழ 101 க.செ.மீ. தேவையான மரம் பாதியாகக் குறைகிறது. எந்திரத்தில் பிடிமானத்திற்கு விடும் மரத்தை இதில் சேர்க்கவில்லை. அதனுடன் துளையிட்டு ஒட்டும் வேலையும் கூடுகிறது. மரம் மிச்சமா, நேரம் மிச்சமா என்று மாணவர்கள் நெடுநேரம் விவாதித்தார்கள். சூத்திரம் அங்கே முடிவெடுக்கும் கருவியானது.

இணைத்துக் கற்பிக்க

அறிவியல் ஆசிரியர்கள் காளான் தாவரமன்று, பூஞ்சை என்பதையும், பல காளான்கள் மட்கிய மரத்திலிருந்தே உணவு பெறுகின்றன என்பதையும் சேர்க்கலாம். பொம்மைகளில் காணும், வெண்புள்ளியிட்ட சிவப்புக் காளான் நச்சுத்தன்மை உடையது என்பதை அவசியம் சொல்லுங்கள். மழைக்காலத்தில் முளைக்கும் எந்தக் காளானையும் பறித்து உண்ணக்கூடாது என்பதையும் வலியுறுத்துங்கள்.

பம்பரம், பூரிக்கட்டை, கட்டில் கால் என வீட்டில் உள்ள கடைசல் பொருள் ஒன்றை மாணவர்கள் அளந்து வரட்டும். எவ்வளவு மரம் சீவலாகியிருக்கும் என்பதை அவர்களே கண்டறியட்டும்.