நகரத்தின் தண்டவாளம்: ஓட்டுவதா, குத்தகைக்கு விடுவதா, விற்பதா?

ரயில் என்றால் ஒன்றிய அரசு என்று பழகிவிட்டவர்கள் நாம். அமெரிக்காவில் தண்டவாளம் பெரும்பாலும் தனியார் கம்பெனிகளுடையது. சில நகராட்சிகளும் சொந்தமாக வைத்திருக்கின்றன. ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டி அதில் பேர்போனது. தனியார் கம்பெனியில் நகராட்சி பங்கு வாங்கக் கூடாது என்று மாநில அரசியல் சாசனம் தடுத்தது. எட்வர்ட் ஃபெர்குசன் என்ற வழக்கறிஞர் வழி கண்டுபிடித்தார்: பங்கு வாங்கத்தானே தடை, பாதையையே நகரம் போட்டுக்கொள்ளட்டும். 1869இல் வாக்காளர்கள் ஒரு கோடி டாலர் கடன்பத்திரத்துக்குச் சம்மதித்தார்கள். டென்னசி மாநிலத்தின் சட்டனூகா வரை ஏறத்தாழ 337 மைல் பாதை 1880இல் திறந்தது. மறு ஆண்டே அதைக் குத்தகைக்கு விட்டார்கள். பலமுறை புதுப்பிக்கப்பட்டு வந்த அந்தக் குத்தகைக்கு 2024 மார்ச்சில் முடிவு வந்தது. நார்ஃபோக் சதர்ன் கம்பெனி பாதையையே சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

அது இரவு பகலாகச் சரக்கு ஓடும் முதன்மைத் தடம். மற்ற ஊர்களின் கையில் இருப்பது பெரும்பாலும் இருபது, முப்பது மைல் கிளைப்பாதை. வாரத்துக்கு ஒன்றிரண்டு வண்டி, ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே முழங்கால் உயரப் புல். மரஆலை மூடியிருக்கும், தானியக் கிடங்கு லாரிக்கு மாறியிருக்கும், பெரிய கம்பெனி கைவிட்ட பாதையை ஊர் பிடிவாதமாக வாங்கி வைத்திருக்கும். இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட பாதைகளைப் பற்றியது. அவற்றை என்ன செய்யலாம் என்ற கேள்வி மன்றக் கூட்டத்திலோ, சின்சினாட்டியில் வந்ததுபோல வாக்குச்சீட்டிலோ ஒருநாள் வந்து நிற்கும். அங்கே குடியேறி ஓட்டுரிமை பெற்ற தமிழர்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எதையும் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு காரியம் செய்தாக வேண்டும். முதலாவது, பாதையோரத்தில் உள்ள ஒவ்வொரு ஆலைக்கும் போய், உங்களுக்கு வேகன் வேண்டுமா, ஆண்டுக்கு எத்தனை என்று கேட்டு எழுதிக்கொள்வது. மைலுக்கு ஆண்டுக்கு நூறு வேகனாவது வேண்டும் என்பது சிறு ரயில் தொழிலில் இருப்பவர்கள் நெடுநாளாகச் சொல்லும் தோராயக் கணக்கு. ஒரு வேகன் மூன்று, நான்கு லாரிச் சரக்கைத் தாங்கும் என்பதால், இந்த எண்ணிக்கை ஊர்ச்சாலைகளின் ஆயுளையும் சொல்லிவிடும். நகராட்சியே வாடிக்கையாளராகவும் இருக்கலாம். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வண்டி நின்றுபோயிருந்த பாதையைப் புதுப்பித்து, 2007 முதல் தீவின் குப்பையைப் பெட்டிகளில் அடைத்து ரயிலில் வெளியேற்றுகிறார்கள்.

இரண்டாவது, பாதையை நடந்து பார்ப்பது. தண்டவாளத்தின் பக்கவாட்டில் எழும்பி நிற்கும் எழுத்துகளைத் துருவைச் சுரண்டிப் படிக்கலாம்: கஜத்துக்கு எத்தனை பவுண்டு எடை, எந்த ஆலை செய்தது, எந்த வருடம், மாதத்தைக் குறிக்க வரிசையாகச் சிறு கோடுகள். எடை குறைந்த தண்டவாளமும் உளுத்த கட்டையும் சேர்ந்தால் இன்றைய வேகனைத் தாங்காது. முன்பு சரக்கு ஏற்றிய வேகனின் உச்ச எடை 2,63,000 பவுண்டு. 1990களிலிருந்து 2,86,000 பவுண்டு, அதாவது சுமார் 130 டன், வழக்கமாகிவிட்டது. இதைத் தாங்காத பாதைக்கு வரும் வேகனைக் குறைவாக நிரப்பித்தான் அனுப்ப முடியும். அதே வாடகைக்குக் குறைந்த சரக்கு என்றால் ஆலைக்காரர் லாரிக்குப் போய்விடுவார். பாதை நிலைமைக்கு ஏற்ப வேகத்தையும் அமெரிக்க ஒன்றிய அரசின் ரயில் நிர்வாகம் வகுத்திருக்கிறது. மிக மோசமான பாதையில் மணிக்கு 10 மைல்தான், அபாயகரமான சரக்கு ஏற்றிய வேகன் ஒரு வண்டியில் ஐந்துக்கு மேல் கூடாது. அடுத்தடுத்து உள்ள வகைகளில் முதலாவதுக்கும் 10 மைல்தான், இரண்டாவதுக்கு 25 மைல். பாலங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு பழைய மரப்பாலம் முழுக் கணக்கையும் கவிழ்த்துவிடும்.

இவை கையில் இருந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

நகராட்சியே ஓட்டுவது முதல் வழி. ஒரிகனின் ப்ரைன்வில் ஊரை 1911இல் பெரிய ரயில் கம்பெனிகள் ஒதுக்கிவிட்டுப் போயின. ஊர் மக்கள் கடன்பத்திரம் போட்டு, முதன்மைத் தடம்வரை 19 மைல் பாதையை 1918இல் தாங்களே முடித்தார்கள். மரம் அறுக்கும் தொழில் கொழித்த காலத்தில் ரயில் லாபத்தால் நகர சொத்துவரியே வேண்டாம் என்ற நிலைகூட 1960களில் சில ஆண்டுகள் இருந்தது. பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, வேகன் வற்றியது. அதற்குப் பின்னும் ஊர் பாதையைப் பிடுங்கவில்லை. சரக்குக் கிடங்கு கட்டி வேறு வாடிக்கையாளர்களைத் தேடிப் போனார்கள். எனக்கு மிகப் பிடித்த கதை இது. ஆனால் எல்லா ஊருக்கும் பொருந்தாது. என்ஜின், ஓட்டுநர், காப்பீடு, பெரிய கம்பெனியோடு கட்டணப் பேரம், இத்தனையும் நகராட்சி ஊழியர் தலையில் விழும். வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா நகராட்சி ரயில் நிமிர்ந்து நிற்கிறது என்றால், பாதையின் முனையில் பெரிய துறைமுகம் இருப்பதுதான் காரணம். முனையில் துறைமுகமோ நிலையான ஆலையோ இல்லாத ஊர் இந்த வழிக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

விற்பது எதிர்முனை. சின்சினாட்டி விற்றதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். 1987இல் பேசிய குத்தகையின்படி விலைவாசியோடு சேர்ந்து உயர்ந்த வாடகை, கடைசியில் ஆண்டுக்குச் சுமார் இரண்டரைக் கோடி டாலரை எட்டியிருந்தது. 2023 நவம்பர் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 52 விழுக்காட்டினர் சம்மதித்ததால் விற்பனை நடந்தது. பணம் அறக்கட்டளை நிதியாகப் போனது. அதன் வருமானத்தை ஏற்கெனவே இருக்கும் சாலை, பாலம், பொதுக் கட்டடங்களைப் பழுதுபார்க்க மட்டுமே எடுக்கலாம். புதிதாகக் கட்டவோ கடன் அடைக்கவோ கூடாது. இத்தனை கட்டு இருந்தும் வாக்களித்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள்.

சிறு பாதைக்கு அந்த விலை கிடைக்காது. பழைய இரும்பின் மதிப்பும் நிலத்தின் மதிப்பும்தான் விலையாக வரும். வாங்கியவர் ஓட்டாவிட்டால் ஊர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். கனடாவின் சர்ச்சில் துறைமுகப் பாதை 1997இல் ஓம்னிட்ராக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனிக்குப் போனது. 2017 மே மாத வெள்ளத்தில் பல இடங்களில் தடம் அடித்துச் செல்லப்பட்டது. செப்பனிடும் செலவைத் தன்னால் ஏற்க முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. சாலையே இல்லாத அந்த ஊருக்கு அடுத்த ஆண்டு இலையுதிர்காலம்வரை ரயில் வரவில்லை. பாதை கைமாறிய பிறகுதான் வந்தது. இன்று அது வடபகுதிப் பூர்வகுடிகளும் ஊர்களும் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

நடுவில் இருப்பது குத்தகை. பெரும்பாலான ஊர்களுக்கு இதுவே சரி என்பது என் எண்ணம். நிலம் ஊருடையதாகவே இருக்கும், ஓட்டத் தெரிந்தவர் ஓட்டுவார். இன்னொரு லாபமும் உண்டு. சிறு ரயில் கம்பெனிகள் தடப் பராமரிப்புக்குச் செய்யும் செலவில் 40 விழுக்காட்டை, மைலுக்கு 3,500 டாலர் வரம்புக்குள், வருமானவரியில் கழித்துக்கொள்ளலாம். 2020 முதல் இது நிரந்தரச் சட்டம். குத்தகைப் பாதைக்கும் செல்லும். வருமானவரியே கட்டாத நகராட்சி தானே ஓட்டினால் இந்தச் சலுகையை நேராகக் கழித்துக்கொள்ள முடியாது.

ஆனால் மன்றக் கூட்டங்களில் வாடகை எவ்வளவு என்பதைத்தான் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். சிறு பாதையில் வாடகை சொற்பம். பேச வேண்டியது தடத்தை யார் காப்பது என்பதை. குத்தகை நிலத்தில் கடைசி வருடம் யாரும் எரு போடமாட்டார்கள், தண்டவாளத்திலும் அதேதான். ஐந்து ஆண்டுக் குத்தகையில் இருப்பவர் முப்பது ஆண்டு உழைக்கும் கட்டையை எதற்காக மாற்றப் போகிறார்? அதனால் பத்திரத்தில் "நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும்" என்று எழுதினால் போதாது. ஆண்டுக்கு மைலுக்கு இத்தனை கட்டை, இத்தனை டன் ஜல்லி, இந்த வேக வகைக்குக் குறையக் கூடாது என்று எண்ணாக எழுத வேண்டும். பாதை, பாலம் இரண்டின் பாதுகாப்புக்கும் சட்டம் முதலில் கேட்பது உரிமையாளரைத்தான். அந்தப் பொறுப்பை ஓட்டுநர் கம்பெனிக்கு மாற்றுவதென்றால் ரயில் நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பாலம் இறங்கிய நாளில் கடிதம் நகராட்சி அலுவலகத்துக்கு வரும்.

வாடகையை எப்படி வாங்குவது? மாதம் இவ்வளவு என்று நிலையாக வைத்தால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஊருக்குப் பணம் வரும். ஆனால் வேகன் குறைந்த வருடத்தில் கம்பெனி பராமரிப்பைத்தான் முதலில் வெட்டும். மொத்தத் தொகையை முன்கூட்டியே வாங்கி நீண்ட காலத்துக்குக் கொடுத்துவிடுவதை நான் முழுமூச்சாக எதிர்ப்பேன். சிகாகோ நகரம் 2008இல் தன் பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுக்குச் சுமார் 115 கோடி டாலருக்குக் கொடுத்தது. பெரும்பங்கு சில ஆண்டுகளில் செலவாகிவிட்டது, மீட்டர் காசு இன்னும் பல தலைமுறைக்கு வேறு கைக்குப் போகும். வேகனுக்கு இவ்வளவு என்று வாங்குவதே சிறு பாதைக்கு ஏற்றது. வேகன் கூடக்கூட இருவருக்கும் லாபம். அந்தப் பணத்தையும் பொதுக் கணக்கில் கரைத்துவிடாமல், பாதைக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.

காலம் பத்திலிருந்து இருபது ஆண்டு வரை இருக்கலாம். முதலீடு போட்டால் நீட்டிக்கலாம், வேகன் எண்ணிக்கை குறித்த அளவுக்குக் கீழே இரண்டு வருடம் தொடர்ந்தால் ஊர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற இரண்டு ஷரத்தும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி ரயில் இயக்கத்தின் மீதான அதிகாரம் வாஷிங்டனில் உள்ள தரைவழிப் போக்குவரத்து வாரியத்துக்கு மட்டுமே. எத்தனை மணிக்கு ஓட்டலாம், எங்கே வேகனை நிறுத்தலாம் என்று நகராட்சி சட்டம் போட்டால் பெரும்பாலும் செல்லாது. ஆனால் உரிமையாளராக, குத்தகைக்காரர் சம்மதித்துக் கையெழுத்திட்ட பத்திரத்தில் எழுதலாம். கையெழுத்துக்கு முன் எழுதாதது பிறகு கிடைக்காது.

என்ன எழுதுவது என்பதற்கு நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியைப் பார்க்கலாம். வாரன் மாவட்டமும் கொரிந்த் என்ற சிற்றூரும் தங்கள் பாதையை 2011இல் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தன. சுற்றுலா ரயிலும் சரக்கும் ஓடும் என்பது எதிர்பார்ப்பு. 2017இல் அதே கம்பெனி, அந்தப் பாதையைத் தாண்டி அடிரோண்டாக் வனப்பூங்காவுக்குள் போகும் தன் சொந்தத் தடத்தில் பழைய எண்ணெய் டேங்கர் வேகன்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தியது. பயன்படாத வேகனை நிறுத்திவைக்க வாடகை கிடைக்கும். சரக்கு தேடி அலைவதைவிட அது எளிது. ஊர் கொதித்தது, மாநில ஆளுநர் எதிர்த்தார், வேகன்களை அகற்றினார்கள். 2018இல் கம்பெனி ஓட்டுவதையே நிறுத்திவிட்டது. உங்கள் பத்திரத்தில் வெளியார் வேகன் நிறுத்தத்துக்கு எண்ணிக்கை வரம்பும், வீடுகளிலிருந்து தூரமும், நாள் கணக்கும் இருக்கட்டும்.

யாருக்குக் கொடுப்பது என்பதும் முக்கியம். உங்கள் பாதை இரண்டு பெரிய கம்பெனிகளைத் தொடுமானால், அவர்களில் ஒருவருக்கோ அவர்கள் சொல் கேட்பவருக்கோ கொடுக்காதீர்கள். மற்றவர் பக்கம் வேகன் போகாது, ஆலைக்காரர் கட்டணப் பேரத்தை இழப்பார். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் 1998 முதல் பசிபிக் ஹார்பர் லைன் என்ற நடுநிலைக் கம்பெனிதான் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கிறது. வெளியே போட்டியிடும் பெரிய கம்பெனிகள் இரண்டுக்கும் ஒரே மாதிரி.

எடுத்து ஓட்ட ஆளே இல்லாத பாதையாக இருந்தால்? தண்டவாளத்தைப் பிடுங்கி நிலத்தைத் துண்டு போட்டு விற்பதற்கு முன் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். பாதையை நடைபாதையாக்கி, பிற்காலத்தில் ரயில் வேண்டுமானால் திருப்பிக்கொள்ளும் உரிமையோடு வைத்திருக்க அது வழி தருகிறது. நியூயார்க்கின் ஹை லைன் அப்படித்தான் தப்பித்தது. 1980க்குப் பிறகு வண்டி ஓடாத அந்த உயரப் பாதையை 2005இல் சிஎஸ்எக்ஸ் கம்பெனி நகரத்துக்குக் கொடுத்தது, 2009இல் அது பூங்காவாகத் திறந்தது. துண்டு துண்டாக விற்ற நிலத்தை மறுபடி ஒரே கோடாகச் சேர்க்க எந்த நகராட்சியாலும் முடியாது.

கடைசியாக, பிரிந்துபோகும் நாளைப் பற்றி. குத்தகைக்காரர் ஓட்டாமல் உட்கார்ந்திருந்தாலும், வாரியத்தின் அனுமதி இல்லாமல் அவர் சேவை முடிந்ததாகாது. கட்டாயப்படுத்தி அனுமதி வாங்குவது நீண்ட வழக்கு. அதனால் குத்தகை முறிந்தால் அந்த விண்ணப்பத்தைத் தானே போடுவதாகவும், புதியவர் வரும்வரை ஆலைகளுக்கு வேகன் தருவதாகவும் கம்பெனி முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். முடிவுக்கு இரண்டு வருடம் முன்பே இருதரப்பும் ஏற்ற ஒரு பொறியாளர் பாதை முழுவதும் நடந்து, குறையுள்ள கட்டையையும் தளர்ந்த இணைப்பையும் மைல்கல் வாரியாகக் குறித்துக் கொடுக்கட்டும். அந்தக் குறைகள் தீரும்வரை கம்பெனியின் வைப்புத்தொகை நகராட்சியிடமே இருக்க வேண்டும்.